சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒரு கம்பெனியில் பெரிய மோசடி வெளியே வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்: இத்தனை ஆயிரம் பேர் வேலை பார்த்த இடத்தில் ஒருத்தருக்குக்கூடவா தெரியாது? தெரியும். பெரும்பாலும் பல பேருக்குத் தெரியும். கணக்கு எழுதுகிறவருக்குத் தெரியும், பில் பாஸ் பண்ணுகிறவருக்குத் தெரியும், சில இடங்களில் டிரைவருக்கும் தெரியும். மோசடிகளை ஆராய்கிற நிபுணர்களுக்கு அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சங்கம் இருக்கிறது. பல நாடுகளில் நடந்த அலுவலக மோசடிகளைத் தொகுத்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை போடுவார்கள். 2024 அறிக்கையின்படி, பிடிபட்ட மோசடிகளில் 43 சதவீதம் யாரோ கொடுத்த தகவலால்தான் பிடிபட்டன. அந்தத் தகவல்களில் பாதிக்கு மேல் கொடுத்தது உள்ளே வேலை செய்கிறவர்கள். ஆடிட்டர்கள் எல்லாம் அதற்கு வெகுதூரம் பின்னால்தான் நிற்கிறார்கள்.

ஆக, தெரிந்துகொள்வது பெரிய சிக்கலில்லை. தெரிந்தவர்களில் யார், எப்போது, எதனால் வாயைத் திறக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். 'நேர்மையும் துணிச்சலும் உள்ளவர்கள் சொல்வார்கள், மற்றவர்கள் சொல்ல மாட்டார்கள்' என்பது வழக்கமான பதில். நிர்வாகங்களுக்கு ரொம்ப வசதியான பதிலும்கூட. யாரும் சொல்லவில்லை என்றால் குறை ஊழியரின் குணத்தில் என்று ஆகிவிடுகிறது; நிர்வாகம் ஒரு நேர்மை வகுப்பு நடத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஆராய்ச்சிகள் வேறு பக்கம் கை காட்டுகின்றன. ஜெஸிகா மெஸ்மர்-மேக்னஸ், சொக்கலிங்கம் விஸ்வேஸ்வரன் இருவரும் அதுவரை வந்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2005இல் அலசினார்கள். மொத்தம் பதினெட்டாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் தகவல். 'இப்படி ஒரு தப்பைப் பார்த்தால் சொல்வீர்களா?' என்று தாளில் கேட்டால் 'சொல்வேன்' என்று டிக் அடிக்கிறவர்கள் ஒரு பக்கம். உண்மையிலேயே போய்ச் சொன்னவர்கள் இன்னொரு பக்கம். முதல் கூட்டத்தை அடையாளம் காட்டும் காரணிகளும் இரண்டாவது கூட்டத்தை அடையாளம் காட்டும் காரணிகளும் ஒன்றாக இல்லை. அதனால், 'எங்கள் ஊழியர்களில் இத்தனை சதவீதம் பேர் தவறைக் கண்டால் சொல்வார்கள்' என்று ஒரு மனிதவளத் துறை சர்வே எடுத்துக் காட்டினால், அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்வது நல்லது.

தாளில் டிக் அடிப்பதற்கும் நேரில் சொல்வதற்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஸ்டோர்கீப்பரை எடுத்துக்கொள்வோம். சிமென்ட் லாரி வருகிறது. டெலிவரி சலானில் 400 மூட்டை. எண்ணிப் பார்த்தால் 380. "மீதி நாளைக்கு வந்துடும், கையெழுத்துப் போடு தம்பி" என்கிறார் சைட் இன்ஜினியர். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, போட்டுவிடுகிறான். மறுநாள் வரவில்லை. அடுத்த லோடிலும் இதே கதை. நாலைந்து லோடு போன பிறகுதான் நடப்பது என்னவென்று புரிகிறது. ஆனால் அதற்குள் ஸ்டாக் ரெஜிஸ்டர் முழுக்க அவன் கையெழுத்து. இன்ஜினியரின் கையெழுத்து ஒரு பக்கத்தில்கூட இல்லை. இப்போது போய்ப் புகார் கொடுத்தால் முதல் கேள்வி அவனைப் பார்த்துத்தான் வரும்: "இவ்வளவு நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

அவன் போடும் கணக்கில் நேர்மை ஒரு வரிதான். மூட்டை குறைந்ததற்கு அத்தாட்சி என்ன? லோடு இறக்கியவர்கள் சாட்சி சொல்வார்களா? யாரிடம் சொல்வது? ப்ராஜெக்ட் மேனேஜரும் இன்ஜினியரும் ஒரே காலேஜ். தலைமை அலுவலகத்தில் யாரையும் தெரியாது. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இன்ஜினியரின் மச்சான். போன தீபாவளிக்கு ஒரு கவர் வந்தது, வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிவிட்டான். பைக்குக்கு மாதத் தவணை ஓடுகிறது. இத்தனையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு அவன் பேசாமல் இருந்தால் அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது கால அளவு. முதல் லோடிலேயே சொல்லியிருந்தால் அது 'இருபது மூட்டை குறையுது சார்' என்ற சாதாரணத் தகவல். ஐந்தாவது லோடில் அதுவே குற்றச்சாட்டு. கூடவே தன்னையும் மாட்டிவிடும் வாக்குமூலம். கூட்டுக் கொள்ளையில் பழக்கப்பட்டவர்கள் புதிதாக வருகிறவரிடம் சின்னதாக ஒரு கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிடுவது சும்மா இல்லை. ஆகவே 'தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இப்போது சொல்கிறேன்' என்று வருகிறவரை ஒரு நிறுவனம் எப்படி நடத்துகிறது என்பது மிக முக்கியம். அவரையும் சேர்த்து சஸ்பெண்ட் செய்கிற இடத்தில் இரண்டாவது ஆள் வரமாட்டார்.

சரி, பயத்துக்கு வருவோம். இந்தியாவில் இந்தப் பேச்சை எடுத்தாலே நினைவுக்கு வரும் பெயர் சத்யேந்திர துபே. கான்பூர் ஐஐடியில் படித்த சிவில் இன்ஜினியர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில், ஜார்க்கண்டின் கோடர்மாவில் வேலை. பெரிய ஒப்பந்ததாரர்கள் வேலையைத் தகுதியில்லாத சின்ன ஒப்பந்ததாரர்களுக்குக் கைமாற்றுவது உள்பட தான் கண்ட முறைகேடுகளை 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். சாதாரண ஆள் எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று தன் விவரங்களையும் சேர்த்தார். ஆனால் ரகசியம் காப்பதற்காக அவற்றைத் தனித் தாளில் இணைத்தார். அந்தத் தாளும் கடிதத்தோடு சேர்ந்தே மேசை மேசையாகப் பயணம் போனது. 2003 நவம்பர் 27 அதிகாலை, பீகாரின் கயாவில் ரயிலிலிருந்து இறங்கி ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 30.

வழிப்பறியில் நடந்த கொலை என்றது சிபிஐ. 2010இல் மூன்று பேருக்குத் தண்டனை கிடைத்தது. கொலைக்குக் காரணம் கடிதம்தான் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ரகசியமாக வையுங்கள் என்று கேட்டவரின் பெயர் ரகசியமாக இருக்கவில்லை என்பதில் மட்டும் எந்த விவாதமும் இல்லை. நாடு முழுக்க அரசு அலுவலகங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தச் செய்தியில் படித்துக்கொண்டது அதைத்தான்.

இதையடுத்து உச்ச நீதிமன்றம் கேள்வி கேட்க, 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. மத்திய அரசு ஊழியர்கள் பற்றிய புகாரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம். பெயரை ஆணையம் ரகசியமாக வைத்துக்கொள்ளும். உறையின்மேல் பொதுநலத் தகவல் என்று குறிப்பிட வேண்டும், ஆனால் அனுப்புநர் பெயரை எழுதக் கூடாது. பெயரும் முகவரியும் உள்ளே இருக்க வேண்டும் என்று உறை வரைக்கும் விதி போட்டிருக்கிறார்கள். துபே கதையைத் தெரிந்தவர்களுக்கு அந்த விதி எங்கிருந்து வந்தது என்று புரியும். முழுச் சட்டம் வர இன்னும் பத்து வருடம் ஆனது. தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பத்து வருடம் தாண்டியும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வெளியாகவில்லை.

உயிர் போவது அபூர்வம். வேலையோ பதவியோ போவதுதான் அன்றாடம். அமெரிக்காவில் 1996 முதல் 2004 வரை பெரிய கம்பெனிகளில் வெளிவந்த 216 மோசடிகளை டைக், மோர்ஸ், ஸிங்கேல்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றை வெளிக்கொண்டுவந்து பெயர் தெரியவந்த ஊழியர்களில் பத்துக்கு எட்டுப் பேர் தாங்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகவோ, தாமாகப் போகும்படி நெருக்கப்பட்டதாகவோ, பொறுப்புகள் பிடுங்கப்பட்டதாகவோ சொல்லியிருந்தார்கள்.

ஆனாலும் பயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது பாதிக் கதைதான் என்று நினைக்கிறேன். மில்லிகன், மாரிசன், ஹ்யூலின் என்ற மூவர் 40 ஊழியர்களிடம் உட்கார்ந்து பேசி 2003இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முக்கியமான ஒரு விஷயத்தை மேலிடத்தில் சொல்ல முடியாமல் விழுங்கிய அனுபவம் ஒருமுறையாவது உண்டு என்றவர்கள் 85 சதவீதம். காரணங்களில் பழிவாங்கப்படும் பயம் இருந்தது. அதோடு கூடவே வேறு சிலவும் இருந்தன: எப்போதும் குறை சொல்கிறவன் என்று பெயராகிவிடும், கூட இருப்பவர்களோடு உறவு கெட்டுவிடும், சொன்னாலும் ஒன்றும் நடக்காது. கடைசியாகச் சொன்னதற்கு நம் அலுவலகங்களில் விளக்கமே தேவையில்லை. கேன்டீனில் போய் உட்கார்ந்தால் நாலு பேரில் ஒருத்தர் சொல்வார்: "சொல்லி என்னங்க ஆகப்போகுது?"

பயத்துக்கும் இந்த அலுப்புக்கும் மருந்து வேறு வேறு. பயந்தவரிடம் 'உனக்கு ஒன்றும் ஆகாது' என்று உறுதி கொடுத்தால் ஒருவேளை பேசுவார். பயனில்லை என்று முடிவுகட்டியவரிடம் எத்தனை உறுதி கொடுத்தாலும் நகரமாட்டார். போன தடவை கொடுத்த புகாரில் என்ன நடந்தது என்று அவருக்குக் காட்ட வேண்டும். இங்கேதான் நிறைய நிர்வாகங்கள் கோட்டை விடுகின்றன. விசாரணை ரகசியம் என்று சொல்லி, புகார் கொடுத்தவருக்கே ஒரு வரி பதில் போகாது. உள்ளே நிஜமாகவே நடவடிக்கை எடுத்திருக்கலாம், யாரையாவது கண்டித்திருக்கலாம். வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவது, புகார் போன ஆறு மாதம் கழித்தும் அதே மேனேஜர் அதே நாற்காலியில் இருக்கிறார் என்பது மட்டும்தான்.

புகாருக்கென்று இருக்கும் வழியே பொறியாக மாறினால் இன்னும் மோசம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் இலக்கை எட்டுவதற்காக வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்தார்கள். 2016இல் 185 மில்லியன் டாலர் அபராதத்தோடு விஷயம் வெடித்தபோது, அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இதற்காக சுமார் 5,300 பேரை வேலையிலிருந்து அனுப்பியதாக வங்கி சொன்னது. தவறுகளைச் சொல்வதற்கென்றே வங்கி வைத்திருந்த நேர்மைத் தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொன்ன பிறகு தங்களையே வெளியேற்றினார்கள் என்று முன்னாள் ஊழியர்கள் சிலர் அப்போது பேச ஆரம்பித்தார்கள். அப்படி ஒரே ஒருவருக்கு நடந்தாலும் போதும், அந்த எண் அச்சடித்த சுவரொட்டியைக் கிளையில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

வெளியே போய்ச் சொல்கிறவர்களைத் துரோகிகள் என்று ஏசுவது எல்லா ஊரிலும் உண்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் அநேகமாக எல்லோருமே முதலில் உள்ளேதான் சொல்லியிருப்பார்கள். ரான்பாக்ஸி மருந்துக் கம்பெனியில் தினேஷ் தாக்கூருக்கு நடந்தது அதுதான். 2004இல் அவருடைய மேலதிகாரி ராஜீந்தர் குமார், பல நாடுகளுக்குச் சமர்ப்பித்த மருந்துப் பரிசோதனைத் தரவுகள் உண்மையானவைதானா என்று சரிபார்க்கச் சொன்னார். அதாவது தாக்கூர் துப்பறியக் கிளம்பவில்லை; கொடுத்த வேலையைச் செய்தார். செய்யாத சோதனைக்கு முடிவு எழுதியிருந்தது தெரிய வந்தது. அதைக் குமார் இயக்குநர்கள் மட்டம் வரை கொண்டுபோனார். பிறகு குமார் வேலையை விட்டார். 2005இல் தாக்கூரும் விட்டார். அதற்கு அப்புறம்தான் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் புனைபெயரில் எழுதினார். எட்டு வருடம் கழித்து, 2013இல், கம்பெனி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 500 மில்லியன் டாலர் கட்டியது. அமெரிக்கச் சட்டப்படி தாக்கூருக்குக் கிடைத்த பங்கு 48 மில்லியன் டாலருக்கு மேல்.

அந்தப் பணத்தைப் பார்த்து, 'காசுக்காகச் சொன்னார்' என்பார்கள். எனக்கு அதில் பெரிய குற்றம் தெரியவில்லை. எட்டு வருடக் கவலைக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? காசு வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. மேலே சொன்ன 216 மோசடி ஆய்விலேயே, அரசுப் பணம் புழங்குவதால் தகவல் தருபவருக்குப் பங்கு கிடைக்கக்கூடிய மருத்துவத் துறையில் மோசடிகளை ஊழியர்கள் வெளிக்கொண்டுவந்தது 41 சதவீதம். மற்ற துறைகளில் 14. இந்தியாவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, உள்வணிகம் (கம்பெனியின் உள் ரகசியத்தை வைத்துப் பங்கு வாங்கி விற்பது) பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு 2019இல் ஒரு கோடி ரூபாய் வரை பரிசு என்று ஆரம்பித்து 2021இல் அதைப் பத்துக் கோடியாக்கியது. மற்றபடி இங்கே நேர்மைக்குப் பரிசு பெரும்பாலும் பாராட்டுப் பத்திரம்தான்.

அப்புறம் விசுவாசம். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று வளர்ந்தவர்களுக்கு முதலாளியைப் பற்றி வெளியே சொல்வது உடம்பிலேயே கூசும். ஆடம் வேட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013இல் ஒரு சின்ன சோதனை செய்தார்கள். ஒரு குழுவை நியாயத்தின் அருமை பற்றி எழுதச் சொன்னார்கள், இன்னொரு குழுவை விசுவாசத்தின் அருமை பற்றி. பிறகு தவறு நடக்கும் சூழல்களைச் சொல்லி, புகார் கொடுப்பீர்களா என்று கேட்டால், நியாயம் பற்றி எழுதியவர்கள் கூடுதலாகச் சரி என்றார்கள். சில பத்திகள் எழுதியதே இவ்வளவு செய்யுமென்றால், 'நாம எல்லாரும் ஒரே குடும்பம்' என்று தினமும் காலைக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு செய்யும்? ஊர்க்காரர், உறவுக்காரர், சாதிக்காரர் சிபாரிசில் ஆள் எடுக்கும் இடங்களில் இந்தக் கட்டு இன்னும் இறுகும். அங்கே ஒரு புகார் மேனேஜரோடு நிற்பதில்லை. திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் அங்கேயும் பதில் சொல்ல வேண்டும்.

விசுவாசமும் பயமும் இல்லாதவர்களையும் கூட்டம் அமுக்கிவிடும். லாட்டானேயும் டார்லியும் 1968இல் செய்த பழைய பரிசோதனை இது: அறையில் புகை நுழைகிறது, தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கண்டும் காணாமல் உட்கார்ந்திருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்ட இருவரோடு இருந்தவர்களில் சொன்னது 10 சதவீதம்தான். அலுவலகத்தில் இருபது பேருக்கு ஒரு விஷயம் தெரியும் என்றால், இன்டர்னல் ஆடிட் பார்த்துக்கொள்ளும் என்று இருபது பேரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். சொல்வதே வேலையாக இருப்பவர்கள் சொல்வது ஓரளவு சுலபம். அமெரிக்கத் தொலைத்தொடர்புக் கம்பெனியான வேர்ல்ட்காமின் கணக்கு மோசடியை 2002இல் கண்டுபிடித்த சிந்தியா கூப்பர் அந்தக் கம்பெனியின் உள்தணிக்கைத் தலைவர். அவருமே தன் குழுவோடு இரவில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல்தான் தோண்ட வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் நம் ஊர் கண்டுபிடித்த பழைய தீர்வு மொட்டைக் கடுதாசி. அதை அரசு அலுவலகங்கள் விரும்புவதில்லை. பெயரில்லாத புகார்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று கண்காணிப்பு ஆணையமே 1999இல் சுற்றறிக்கை விட்டது. காரணம் இல்லாமலில்லை, பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் நேரத்தில் வேண்டாதவர்மேல் கடுதாசி போடுவது பல அலுவலகங்களில் ஒரு கலை. ஆனால் என்ரான் என்ற எரிசக்திக் கம்பெனியும் வேர்ல்ட்காமும் கணக்கு மோசடியில் கவிழ்ந்த பிறகு அமெரிக்கா 2002இல் கொண்டுவந்த சட்டம், பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளில் ஊழியர்கள் பெயர் சொல்லாமலே கணக்குப் புகார் கொடுக்க வழி வைத்தே ஆக வேண்டும் என்கிறது. நம் 2013 கம்பெனிகள் சட்டமும் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளில் புகார் வழி இருக்க வேண்டும், தேவைப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுக முடிய வேண்டும் என்கிறது. பெயர் இல்லாததைக் குப்பையில் போடுவதைவிட, அதில் சரிபார்க்கக்கூடிய தகவல் இருக்கிறதா என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பில் எண்ணும் தேதியும் இருந்தால், எழுதியவர் யாராக இருந்தால் என்ன?

புகார் எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டறிக்கையில் 'புகார்கள்: இல்லை' என்று போட்டுப் பெருமைப்படுவது இங்கே சகஜம். ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் ஆய்வு செய்தபோது, நன்றாக நடக்கும் வார்டுகளில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான எண்ணிக்கை அங்கேதான் அதிகம். தவறு அங்கே கூடுதலாக நடக்கவில்லை. நடந்ததை நர்சுகள் தயங்காமல் சொன்னார்கள். ஸ்டபன், வெல்ச் என்ற இருவர் அமெரிக்கக் கம்பெனிகளின் உள்புகார்களை அலசி 2020இல் வெளியிட்ட ஆய்விலும், உள்ளே அதிகம் புகார் வரும் கம்பெனிகள்மேல் பின்னாளில் வழக்குகள் குறைவாகவே வந்தன.

திண்டுக்கல் பக்கம் நடந்ததை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நாச்சி அப்பேரல் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பாலியல் தொல்லை பற்றிப் பெண்கள் புகார் கொடுக்க உள்ளகக் குழு வைக்க வேண்டும் என்ற சட்டம் 2013லேயே வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கொலைக்குப் பிறகுதான், அங்கே நெடுநாளாகத் தொல்லைகளை அனுபவித்ததாகப் பல பெண்கள் பேசத் தொடங்கினார்கள். 2022இல் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஈஸ்ட்மேன் நிறுவனம், அங்கிருந்து துணி வாங்கிய ஹெச் அண்ட் எம் போன்ற பிராண்டுகள் ஆகியோர் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார்கள். சட்டத்தில் இல்லாத இரண்டு விஷயம் அதில் இருந்தது. லைனில் தையல் மெஷின்முன் உட்காரும் பெண்களிலிருந்தே சிலரைப் பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக ஆக்கினார்கள். யாரிடம் போவது என்று தேட வேண்டாம், பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் சொல்லலாம். இன்னொன்று, தொழிற்சாலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் ஆர்டர் விஷயத்தில் நடவடிக்கை எடுக்கக் கட்டுப்பட்டிருந்தன. முதல் வருடத்தில் வந்த குறைகளில் பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் தீர்ந்தன. சூப்பர்வைசர் கத்துவது, பாத்ரூம் போக விடாதது, பஸ் வசதி என்று சின்னச் சின்ன விஷயங்களையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.